ரெட் ஒயினும் டார்க் சாக்லேட்டும்: ஏன் சேரவில்லை, எது சேரும்?

கேள்வி இது: "பரிசாக ஒரு நல்ல கேபர்னே சாவிஞான் ஒயினும் 85 சதவீத டார்க் சாக்லேட்டும் வந்தன. இரண்டும் அருமையான ஜோடி என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சேர்த்துச் சாப்பிட்டால் வாயெல்லாம் ஒரே கசப்பு, ஒயின் புளித்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. தனித்தனியாக இரண்டுமே நன்றாக இருக்கின்றன. எங்கே தப்பு? எந்தச் சாக்லேட்டுக்கு எந்த ஒயின்?"

உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஒயினில் குறை இல்லை, சாக்லேட்டிலும் இல்லை. சேர்த்து வைத்ததில்தான் சிக்கல். காதலர் தினம் நெருங்கினால் கடைகளில் ஒரு ரெட் ஒயினையும் ஒரு டார்க் சாக்லேட்டையும் ஒரே கூடையில் வைத்து ரிப்பன் கட்டி விற்பார்கள். இரண்டும் விலை கூடிய பொருள், இரண்டுக்கும் ஆடம்பரம் என்ற பெயர் உண்டு, இரண்டிலும் இதயத்துக்கு நல்லது ஏதோ இருக்கிறது என்று பேச்சு. கூடைக்கு இது போதும். வாய்க்குப் போதாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கேபர்னே, மெர்லோ பாட்டில்களின் பின்பக்கத்தில் "சாக்லேட் வாசனை" என்று எழுதியிருக்கும். நன்றாகப் பழுத்த திராட்சையாலும், உட்புறம் நெருப்பில் வாட்டிய ஓக் பீப்பாயில் ஊறுவதாலும் அந்த வாசனை வருவது உண்மைதான். ஆனால் அது மூக்குக்கு மட்டும். அந்த ஒயினில் சர்க்கரை ஏறக்குறைய கிடையாது. சாக்லேட் வாசனை உள்ள ஒயின் சாக்லேட்டோடு சேர்ந்துவிடும் என்று யாரோ முடிவுகட்டியதைத்தான் மற்றவர்கள் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வாயில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதியை நீங்களே ஊகித்துவிடலாம். முதலில் சர்க்கரை. லட்டைத் தின்ற கையோடு காபியை ஒரு வாய் குடித்துப்பாருங்கள். வழக்கமான சர்க்கரை போட்ட காபிதான், ஆனால் சர்க்கரையே போடாத மாதிரி கசக்கும். இனிப்பு பட்ட நாக்கு அடுத்து வருவதன் இனிப்பைக் குறைத்தும், புளிப்பையும் கசப்பையும் கூட்டியும் காட்டும். இனிப்பில்லாத ரெட் ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைகூடப் பெரும்பாலும் இருக்காது. 70 சதவீத டார்க் சாக்லேட்டில் 100 கிராமுக்குச் சுமார் 30 கிராம், மில்க் சாக்லேட்டில் பாதிக்கு மேல். அதன் பிறகு வாய்க்கு வரும் ஒயின் பழச்சுவையை இழந்து புளிப்பாக மட்டும் நிற்கும். நீங்கள் சொன்ன "புளித்த தண்ணீர்" இதுதான்.

உங்களுடையது 85 சதவீதம். அதில் சர்க்கரை சுமார் 15 கிராம்தான். அப்படியானால் குறைவாகத்தானே கெடுக்க வேண்டும் என்று கேட்கலாம். அங்கே டானின் வந்துவிடுகிறது. திராட்சையின் தோல், விதை, காம்பு, ஓக் மரம் எல்லாவற்றிலிருந்தும் ஒயினுக்கு டானின் வருகிறது. கேபர்னே திராட்சை சின்னது, தோல் தடிமன், அதனால் டானின் அதிகம். கோகோ விதையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் நிறைய உண்டு. புளிக்க வைக்கும்போதும் வறுக்கும்போதும் குறையுமே தவிர முழுக்கப் போகாது, சதவீதம் ஏற ஏற மிச்சம் இருப்பதும் ஏறும். டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இழுக்கிற அந்தத் துவர்ப்பு அப்படித்தான் வருகிறது. இரண்டு பக்கமும் துவர்ப்பு, கூடவே கோகோவின் தியோப்ரோமின் கசப்பு. ஒவ்வொரு வாய்க்கும் இது கூடிக்கொண்டே போகும், எச்சில் சுதாரிக்க நேரம் கிடைக்காது. கேபர்னேயும் 85 சதவீதமும் இருப்பதிலேயே மோசமான சேர்க்கைகளில் ஒன்று என்று சொல்வேன்.

மூன்றாவது கொழுப்பு. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், அதாவது வாய்ச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. சாக்லேட் நாக்கில் கரைகிற சுகமே அதில்தான் இருக்கிறது. உருகியது நாக்கின் மேல் ஒரு படலமாகப் படர்ந்துவிடும். மெல்லிய ஒயின் அந்தப் படலத்தின் மேல் ஓடிப்போய்விடும், ருசியே தெரியாது. ஜில்லென்று இருக்கும் ஒயின் என்றால் இன்னும் மோசம். பாதி உருகிய வெண்ணெய் திரும்ப இறுகி வாய் மெழுகு தடவியதுபோல் ஆகும். சாக்லேட்டோடு ஷாம்பெயின் என்கிற இன்னொரு பிரபலமான யோசனையும் இங்கேதான் சறுக்குகிறது. அதுவும் ப்ரூட் வகை ஷாம்பெயினில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழேதான் சர்க்கரை, புளிப்போ கூர்மை. டார்க் சாக்லேட்டோடு அதைக் குடிப்பது இரண்டையும் வீணாக்குவது.

ஆக, ஒயின் சாக்லேட் அளவுக்காவது இனிப்பாகத் தோன்ற வேண்டும், டானின் குறைவாகவோ வயதில் மென்மையாகியோ இருக்க வேண்டும், அந்தக் கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும் கனம் வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது பெரும்பாலும் திராட்சைச் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்களில். போர்ட், பான்யூல்ஸ், போர்ச்சுகலின் தீவு ஒயினான மடெய்ரா, ஸ்பெயினின் ஷெர்ரியில் இனிப்பு வகைகள் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

போர்ட் பலருக்குத் தெரிந்த பெயர் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்வது. 1756-லேயே அரசு எல்லை வகுத்த பகுதி அது. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கையில், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துப்போகும், நொதித்தல் நிற்கும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். முடிவில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி, சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் சுமாருக்கு நிற்கும். 30 சதவீதம் சர்க்கரை உள்ள சாக்லேட்டுக்கு 10 சதவீதம் உள்ள ஒயின் எப்படி ஈடாகும் என்று தோன்றலாம். சாக்லேட்டின் சர்க்கரை கொழுப்புக்குள் புதைந்து மெதுவாகக் கரைவது, மேலே கோகோவின் கசப்பு வேறு அதை மறைக்கிறது. ஒயினில் இருப்பதோ கரைந்தே இருக்கிறது, வாய் வைத்தவுடன் நாக்குக்குத் தெரிந்துவிடும். எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல் வாயில் தோன்றுவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போர்ட்டிலேயே இரண்டு வழிகள் பிரிகின்றன, இதைப் புரிந்துகொண்டால் சாக்லேட்டில் பாதி வேலை முடிந்தது. ஒன்று, காற்றுப் படாமல் காத்து, பழம் பழமாக வைத்திருப்பது: ரூபி, நான்கிலிருந்து ஆறாண்டு மரத்தில் வைத்து பாட்டிலில் அடைக்கும் எல்.பி.வி. (லேட் பாட்டில்டு விண்டேஜ்), இரண்டு மூன்றாண்டில் பாட்டிலுக்குப் போய்ப் பல ஆண்டு அங்கேயே முதிரும் விண்டேஜ். கறுத்த செர்ரி, பிளம், மல்பெரி வாசனை இவற்றில் வரும். மற்றது, சிறிய மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காகக் காற்றோடு பழகவிட்டு நிறம் வெளுத்துப் பழுப்பாகும் டாவ்னி. 10, 20, 30, 40 ஆண்டு என்று பாட்டிலில் எழுதியிருக்கும். வறுத்த பாதாம், காய்ந்த அத்தி, கருகிய சர்க்கரைப்பாகு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் இதில் வரும். பழப்புளிப்பு உள்ள டார்க் சாக்லேட்டுக்கு முதல் கூட்டம். பால், கொட்டை, காரமெல் உள்ளதற்கு டாவ்னி. விண்டேஜை நான் சாக்லேட்டுக்கு எடுக்க மாட்டேன். இளசாக இருந்தால் டானின் மிரட்டும், முதிர்ந்தது என்றால் அதன் விலைக்கும் நுணுக்கத்துக்கும் சாக்லேட் ஒரு இடைஞ்சல்.

ஆனால் டார்க் சாக்லேட்டுக்கு ஒரே ஒரு ஒயின் சொல்லுங்கள் என்று யாராவது என்னைப் பிடித்துக் கேட்டால் போர்ட் என்று சொல்ல மாட்டேன், பான்யூல்ஸ் என்றுதான் சொல்வேன். பிரான்ஸின் தென்கோடியில், பிரனீஸ் மலை மத்தியதரைக் கடலில் இறங்குகிற இடத்தில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி நான்கு ஊர்கள்: பான்யூல்ஸ், கோலியூர், போர்-வான்ட்ர், செர்பேர். செங்குத்தான சரிவுகளில் சிலேட்டுப் பாறை போல அடுக்கடுக்காகப் பிளக்கும் கல். மண் என்று சொல்லும்படி அதிகம் கிடையாது, படிக்கட்டு மாதிரிக் கல்சுவர் கட்டி கொடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். முக்கியத் திராட்சை கறுப்பு கிரெனாஷ். தோல் மெல்லியது, டானின் குறைவு, சர்க்கரை நன்றாக ஏறும். சாக்லேட்டுக்கென்றே படைத்தது போல என்று சொல்லத் தோன்றும், ஆனால் சாக்லேட் பிரான்ஸுக்கு வருவதற்கு முன்பே இந்த வித்தை அங்கே இருந்தது. நொதிக்கும் சாற்றில் சாராயம் சேர்த்து இனிப்பை நிறுத்தும் முறையை, 13-ஆம் நூற்றாண்டில் மோன்பெலியே மருத்துவப் பள்ளியில் இருந்த அர்னோ தெ வில்நெவ் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

பான்யூல்ஸில் போர்ட்டை விடச் சாராயம் குறைவாகத்தான் சேரும், ஆல்கஹால் 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அந்த வித்தியாசம் சாக்லேட்டோடு நன்றாகத் தெரியும். போர்ட் சில சமயம் தொண்டையில் சூடு காட்டிச் சாக்லேட்டை மிதித்துவிடும், இது மிதிக்காது. இங்கேயும் அதே இரண்டு வழிகள் உண்டு. ரிமாஜ் என்று எழுதியிருந்தால் பழம் காத்தது, செர்ரி மணக்கும். பழைய முறையில் ஆண்டுக்கணக்காகக் காற்றுப்படவிட்டது என்றால் காபி, வால்நட், காய்ந்த பிளம், கோகோவே மணக்கும். கிரான் க்ரு என்றால் 30 மாதமாவது மரத்தில் இருந்திருக்க வேண்டும். சற்று உள்ளே மலைக்கு அந்தப் பக்கம் மோரி என்ற ஊரில் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல ஒரு ஒயின் செய்கிறார்கள். அங்கே மா அமியேல் என்ற தோட்டத்தில் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஒயினை நிரப்பி ஓராண்டு திறந்த வெளியில் வெயிலிலும் குளிரிலும் வைத்திருப்பார்கள். ஒயினை வெயில் படாமல் காக்க வேண்டும் என்று எல்லோரும் பாடம் நடத்தும்போது இவர்கள் வரிசை வரிசையாக வெயிலில் காயவிடுகிறார்கள்! பிரான்ஸில் உள்ளே உருகி வழியும் சூடான சாக்லேட் கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ் பான்யூல்ஸோ மோரியோ வருவது வழக்கம். அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தால் ஒரு தடவை சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

இனிச் சாக்லேட் பக்கம் வருவோம். அட்டையில் உள்ள சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். 70 சதவீதம் என்பது கோகோத் தூளும் கோகோ வெண்ணெயும் சேர்ந்த கணக்கு. வெண்ணெய் கூடினால் மென்மை, தூள் கூடினால் கசப்பு, இரண்டுக்கும் அட்டையில் ஒரே 70 தான். அப்புறம் விதை எங்கே விளைந்தது என்பதும் இருக்கிறது. மடகாஸ்கரின் சம்பிரானோ பள்ளத்தாக்கு விதையில் ராஸ்பெர்ரி போன்ற புளிப்பு துள்ளும், அதற்கு பான்யூல்ஸ் ரிமாஜ் அல்லது எல்.பி.வி. போர்ட். வெனிசுவேலா விதையில் செய்தது பால், கொட்டை வாசனையோடு அமைதியாக இருக்கும், டார்க் சாக்லேட்டாக இருந்தும் அதற்கு டாவ்னி பிடிக்கும். ஈக்வடாரின் நாசியோனால் வகை பூ மணக்கும். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ போன்றவர்கள் தென்னிந்திய விதையில் சாக்லேட் செய்கிறார்கள். நான் சாப்பிட்டவற்றில் பழப்புளிப்பு தூக்கலாக இருந்தது, அவற்றை மடகாஸ்கர் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

பூ மணக்கும் சாக்லேட்டைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கலிஃபோர்னியாவில் மடேரா என்ற ஊரில் குவேடி என்ற நிறுவனம் எலிசியம் என்ற இனிப்பு ஒயின் செய்கிறது. பிளாக் மஸ்கட் திராட்சை. ரோஜா, லிச்சி மணம், டானின் பெயருக்குத்தான். ஈக்வடார் சாக்லேட்டோடு அது போகிற போக்கைச் சொல்லி முடியாது. பிளாக் மஸ்கட்டின் இன்னொரு பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, நம் பன்னீர் திராட்சை, அது இதே மஸ்கட் ஹாம்பர்க்தான். நமக்கு அது தின்கிற திராட்சை. கையில் ஒரு கொத்து இருந்தால் டார்க் சாக்லேட்டோடு சேர்த்துத் தின்றுபாருங்கள், அந்த ஒயின் ஏன் வேலை செய்கிறது என்பது பாட்டில் இல்லாமலே பாதி விளங்கும்.

உங்கள் 85 சதவீதத்துக்கு வருகிறேன். அதில் இனிப்பு குறைவு, கசப்பு அதிகம். இந்த இடத்தில் ஒயினை சாக்லேட்டுக்குச் சமமாக வைக்காமல், சாக்லேட்டில் இல்லாத சர்க்கரையைக் கொண்டு வருகிற வேலையை ஒயினுக்குக் கொடுத்துவிடலாம். பெட்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி இருக்கிறதே, அது இதற்காகவே. தென் ஸ்பெயினில் திராட்சையைப் பறித்துப் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தி, கிட்டத்தட்ட உலர்திராட்சை ஆன பிறகுதான் பிழிவார்கள். ஷெர்ரியின் ஊரான ஹெரெஸின் விதிப்படியே லிட்டருக்கு 212 கிராம் சர்க்கரையாவது இருக்க வேண்டும், பல பாட்டில்களில் அது 400 கிராமை நெருங்கும். கிளாஸைச் சாய்த்தால் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கும். தனியாகக் குடித்தால் எனக்குத் திகட்டிவிடும். 85 சதவீதத்தை ஒரு துண்டு வாயில் உருக விட்டு அரை வாய் பெட்ரோ ஹிமெனெஸ் எடுத்தால் கசப்பு இடம் தெரியாமல் போய், உலர்திராட்சை போட்ட அருமையான 60 சதவீத சாக்லேட் தின்கிற மாதிரி ஆகும். அதையே மில்க் சாக்லேட்டோடு வைத்தால் இரண்டு இனிப்பும் சேர்ந்து பல் கூசும்.

மில்க் சாக்லேட்டைக் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறவர்கள் நிறைய. ஒயினோடு சேர்க்க அது டார்க்கை விட எளிது என்பதே என் கட்சி. 1875-ல் சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் டானியல் பீட்டர் அதைச் செய்து காட்டினார். அந்தப் பால்தான் இங்கே நமக்கு உதவுகிறது. பால் புரதம் டானினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவது இதனால்தான். அதனால் துவர்ப்புச் சண்டை இல்லை, பார்க்க வேண்டியது சர்க்கரை மட்டும். 10 ஆண்டு டாவ்னி போர்ட் முதல் தேர்வு. போவால் வகை மடெய்ரா இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அதில் இனிப்போடு ஒரு கூர்மையான புளிப்பும் உண்டு, திகட்டலை வெட்டிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ரதர்க்ளென் என்ற ஊரின் இனிப்பு மஸ்கட் ஒயினும் இந்த வரிசைதான். காபி கலந்த சாக்லேட் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

கொட்டை போட்ட சாக்லேட்டில் தனியாகச் சொல்ல வேண்டியது ஜியான்டுயா. வட இத்தாலியில் டூரின் நகரத்துச் சரக்கு. நெப்போலியன் காலத்து முற்றுகையில் கோகோ கிடைக்காமல், பக்கத்து லாங்கே மலைகளின் ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்ததில் பிறந்தது என்று கதை சொல்வார்கள். அதே மலைகளில்தான் பரோலோ ஒயின் வருகிறது. டானினும் புளிப்பும் முரட்டுத்தனமாக உள்ள ஒயின், சாக்லேட்டுக்குச் சுத்தமாக ஆகாது. ஆனால் அந்த ஊர் மருந்துக்கடைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பரோலோவில் சின்கோனாப் பட்டை, ஏலக்காய், இன்னும் பல மூலிகைகள், சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு மருந்து காய்ச்சினார்கள். பரோலோ கினாட்டோ என்று பெயர், செர்ராலுங்காவின் ஜியூசெப்பே கப்பெல்லானோ அதில் முன்னோடி. நீலகிரியில் நடுவட்டத்தில் ஆங்கிலேயர் தோட்டம் போட்டார்களே, அந்தச் சின்கோனாதான். இன்று அதை மருந்தென்று யாரும் குடிப்பதில்லை, சாப்பாடு முடிந்து சாக்லேட்டோடு குடிக்கிறார்கள். இனிப்பு, மசாலா, கடைசியில் ஒரு கசப்பு. ஜியான்டுயாவோடும் சரி, 70 சதவீத டார்க்கோடும் சரி, கசப்பைக் கசப்பால் சமாளிப்பது இங்கே மட்டும் எடுபடுகிறது, காரணம் நடுவில் சர்க்கரை நிற்கிறது.

வொயிட் சாக்லேட்டில் கோகோத் தூளே கிடையாது. வெண்ணெய், பால், சர்க்கரை, அவ்வளவுதான். டானின் கவலை இல்லை, கனமான போர்ட்டும் தேவையில்லை. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்டி எடுங்கள். ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான், லேசான குமிழி, பீச் பழ மணம், நல்ல இனிப்பு. குமிழியும் புளிப்பும் வெண்ணெய்ப் படலத்தைக் கிளப்பிவிடும். அதே பியமோந்தே பகுதியின் பிராக்கெட்டோ தாக்வி இளஞ்சிவப்பு, ஸ்ட்ராபெரி மணம். 2017-ல் பாரி காலேபோ நிறுவனம் கொண்டுவந்த ரூபி சாக்லேட்டுக்கும், சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெரிக்கும் அதுவே போதும். ஷாம்பெயின்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை உள்ள டெமி-செக் வாங்கி வொயிட் சாக்லேட்டோடு வையுங்கள், டார்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே ஏதாவது நிரப்பிய சாக்லேட் என்றால் பூரணத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உப்புக் காரமெலுக்கு டாவ்னி. ஆரஞ்சுத் தோலை டார்க் சாக்லேட்டில் முக்கியதற்கு, பிரான்ஸின் இனிப்பு வெள்ளை ஒயினான சோட்டர்ன் கூடச் சேரும். மற்றபடி சோட்டர்னை டார்க் சாக்லேட்டோடு வைப்பது எனக்குப் பிடிக்காது, அதன் தேன், பாதாமி மணமெல்லாம் கோகோவுக்குள் காணாமல் போய்விடும். மிளகாய் போட்ட சாக்லேட்டுக்கு ஆல்கஹால் குறைந்ததாகப் பாருங்கள், 20 சதவீத போர்ட் எரிச்சலை ஏற்றிவிடும். புதினா சாக்லேட்டுக்கு ஒயினே வேண்டாம். தண்ணீர் குடியுங்கள்.

இனிப்பில்லாத ரெட் ஒயின் எதுவுமே சேராதா என்று கேட்பீர்கள். முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மிக நன்றாகப் பழுத்த, ஆல்கஹால் கூடிய, டானின் மெத்தென்ற ரெட் ஒயின்கள் 55, 60 சதவீத சாக்லேட்டோடு சண்டை போடாமல் இருக்கும். கலிஃபோர்னியா ஜின்ஃபான்டெல், வெயில் பிரதேசத்து கிரெனாஷ் அப்படி. வடகிழக்கு இத்தாலியில் உலர்த்திய திராட்சையில் செய்யும் அமரோனேயும் தாங்கும். ஆனால் தாங்குகிறது என்பதும் சேர்கிறது என்பதும் வேறு. அதே திராட்சையை அதே மாதிரி உலர்த்தி, சர்க்கரை மிச்சமிருக்க நிறுத்தும் ரெசியோத்தோ கிடைத்தால் அமரோனேயை மறந்துவிடலாம்.

எங்கே கிடைக்கும் என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. பாரிஸில் இருந்தால் பான்யூல்ஸ் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். லண்டனில் எல்.பி.வி.யும் டாவ்னியும் எளிது. இந்தியாவில் இருந்தால் வெளிநாடு போய் வரும்போது விமான நிலையக் கடையில் ஒரு 10 ஆண்டு டாவ்னி வாங்கிக்கொள்வது நல்ல யோசனை. நாசிக்கில் சூலா நிறுவனம் செய்யும் லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பிளாங்க் வொயிட் சாக்லேட்டுக்குப் பொருந்தும். கோவாவில் போர்ட் என்ற பெயரில் மலிவாக விற்பதற்கும் டோரோவுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் அது இனிப்பு. சாதாரண மில்க் சாக்லேட்டோடு அதைக் குடித்தால், பெரிய விலை கொடுத்து வாங்கிய கேபர்னேயை விடக் குறைவான சேதம்தான் ஆகும். ஒயின் பிரியர்கள் என்மேல் கோபப்படலாம், செய்துபார்த்துவிட்டுக் கோபப்படட்டும்.

சாப்பிடுகிற முறையில் இரண்டு மூன்று விஷயம்தான். சாக்லேட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது மூடியபடியே வெளியே வையுங்கள். உடனே பிரித்தால் மேலே ஈரம் கோத்துக்கொள்ளும். ஒயினைப் புத்தகத்தில் எழுதியபடி "அறை வெப்பநிலை"யில் வைக்காதீர்கள், அது ஐரோப்பியக் கல்வீட்டுக் கணக்கு. சென்னை மே மாதத்தில் 33 டிகிரிக்குப் போகும் போர்ட்டில் சாராய நெடி மட்டும்தான் மூக்குக்கு வரும். ரூபி, எல்.பி.வி., பான்யூல்ஸ் எல்லாம் 16 டிகிரி சுமார், டாவ்னி இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் சுவைத்து அதன் குணம் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் சாக்லேட்டைக் கடித்து நொறுக்காமல் நாக்கில் உருக விடுங்கள். பாதி உருகியதும், விழுங்குவதற்கு முன்பே, ஒயினை உள்ளே விடுங்கள். விழுங்கிவிட்டுக் குடித்தால் கசப்பின் வால் மட்டும்தான் ஒயினுக்குக் கிடைக்கும். பல வகை வைத்திருந்தால் வெள்ளையில் தொடங்கிக் கறுப்புக்குப் போங்கள், நடுவே உப்பில்லாத ரொட்டி, தண்ணீர். 50, 60 மில்லி ஊற்றினால் தாராளம். இவற்றில் பல 16 முதல் 20 சதவீத ஆல்கஹால், வண்டி எடுக்கிற நாளில் வேண்டாம்.

திறந்த பாட்டிலை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை என்பது இந்த ஒயின்களில் ஒரு வசதி. டாவ்னியும் பெட்ரோ ஹிமெனெஸும் நன்றாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், ரூபியும் எல்.பி.வி.யும் ஒன்றிரண்டு வாரம். ஏற்கெனவே சூட்டிலும் காற்றிலும் பட வேண்டியதெல்லாம் பட்டுவிட்ட மடெய்ரா மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். உங்கள் கேபர்னேவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, திறந்தாகிவிட்டது என்றால் நாளை மறுநாளுக்குள் மட்டன் சுக்காவோடு முடித்துவிடுங்கள். 85 சதவீதத்தை வெளிச்சம் படாமல் எடுத்து வையுங்கள், பெட்ரோ ஹிமெனெஸ் கிடைக்கும்வரை அது கெட்டுப்போகாது.